எட்டு மாடி டாங்கியும் ஏழு மில்லிமீட்டர் கதவும்

"ஏன்டா, இதுல டிரைவர் எங்கடா உக்காருவான்?"

சித்தப்பா கேட்ட முதல் கேள்வி. மூன்று மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேசை விளக்கைப் போட்டு, கண்ணைச் சுருக்கி, விரலெல்லாம் பசையாகிச் செய்த பொருளைப் பெருமையாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அழகா இருக்கு" என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவரிடம் அதை எதிர்பார்த்தது என் தப்பு.

"இதுக்கு டிரைவரே கிடையாது சித்தப்பா. தானா யோசிச்சுத் தானா ஓடும். கதைப்படி 2085ல நடக்குது."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்.

"ஆளே இல்லன்னா, இத்தன கதவு எதுக்கு வச்சிருக்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும். டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில், இது என்ன விளையாட்டு என்று தெரியாதவர்களுக்கு. மேசையில் காடு, மேடு, பாழடைந்த ஊர் என்று ஒரு நிலத்தை அமைத்து, அதில் சின்னச் சின்னப் படைகளை நிறுத்தி, தாயக்கட்டை போட்டு, அளவு நாடா வைத்து நகர்த்திச் சண்டை போடுவது மினியேச்சர் போர் விளையாட்டு. 28 மில்லிமீட்டர் உயர வீரர்களை வைத்து ஆடுகிறவர்கள்தான் அதிகம். நான் ஆடுவது 6 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய ஜிஹெச்க்யூ என்ற நிறுவனம் பரப்பிய 1/285 ஸ்கேல் அது, அதாவது நிஜத்தில் 285இல் ஒரு பங்கு. ஒரு ஆள் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு. டாங்கி, பெரிய வேர்க்கடலைப் பருப்பு அளவு. கையில் எடுத்தால் நழுவும், கீழே விழுந்தால் துடைப்பத்தோடு போகும். வீட்டில் பெருக்கிய குப்பையை நான் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொட்டுவேன். என் மனைவி இதற்குப் பழகிவிட்டாள்.

இந்தப் பொடிப் படையின் நடுவே, கடையில் கிடைக்கும், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற சாதாரண 1/35 டாங்கி கிட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். பொம்மைக் கடையில் உள்ளங்கையில் அடங்கின அதே டாங்கி, இங்கே மலை மாதிரி நிற்கும். இந்த வித்தையின் அடிப்படையே அதுதான்.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜெர்மன் டைகர் டாங்கியின் உடல் 6.3 மீட்டர் நீளம். 1/35 கிட்டில் 18 சென்டிமீட்டர். அந்தப் 18 சென்டிமீட்டரை 1/285 உலகத்துக்குள் கொண்டுவந்தால் 51 மீட்டர். அகலம் 30 மீட்டர். உயரம் 24 மீட்டர், அதாவது எட்டு மாடி. அதன் 88 மில்லிமீட்டர் பீரங்கி 716 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் இருந்ததே 460 மில்லிமீட்டர் பீரங்கிதான். 1942இல் செவஸ்டபோல் கோட்டையை உடைக்க ஜெர்மானியர்கள் தண்டவாளத்தில் ஏற்றிக்கொண்டு போன 800 மில்லிமீட்டர் ராட்சசப் பீரங்கிக்குப் பக்கத்தில்தான் வைக்கவேண்டும்.

இவ்வளவும் ஒரு கிட்டின் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு துண்டு வெட்டவில்லை, ஒட்டவில்லை.

அப்படியானால் கிட்டை ஒட்டி அப்படியே மேசையில் வைத்துவிடலாமே? வைத்தேன். முதல் தடவை அதைத்தான் செய்தேன். கூட விளையாடுகிற நண்பர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, டைகரைக் கொண்டாந்து நடுவுல வச்சிருக்கீங்க? எடுங்க, ஆடலாம்" என்றார். அதை ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத பொருளாகவே அவர் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் யாரோ மறந்து வைத்த செருப்பு மாதிரி.

அது ஏன் மலையாகத் தெரியவில்லை? அதன் மேல் இருக்கிற ஒவ்வொரு சாமானும் "நான் சின்ன டாங்கிதான்" என்று காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மேலே வட்டமான மூடி. ஒரு ஆள் தலையை நீட்டும் அளவு. இந்த உலகத்தில் அது நாலு மீட்டர் அகலத்துக்குக் கிட்டே வரும். பக்கவாட்டில் மாட்டியிருக்கிற மண்வெட்டி பத்து மீட்டர். எட்டு மாடி வண்டிக்குப் பத்து மீட்டர் மண்வெட்டி வைத்து யார் மண்ணள்ளப் போகிறார்கள், கும்பகர்ணனா?

ஆக, முதல் வேலை கழிப்பது. மண்வெட்டி, கோடாலி, இழுவைக் கம்பி, முன்விளக்கு, தலை நீட்டும் மூடி, டிரைவர் எட்டிப் பார்க்கும் சந்து, எல்லாவற்றையும் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மொட்டையாக்கவேண்டும். இந்தக் கட்டத்தில் கிட் பார்க்கவே பாவமாக இருக்கும். அழகாக வார்த்து வைத்த சாமானைச் சீவி எறிய ஆரம்பத்தில் மனசு வராது. என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் நிற்கிறார்கள். மூடி மட்டும் இருக்கட்டுமே என்பார்கள். இருக்கக் கூடாது. அந்த ஒரு மூடி இருந்தால் மொத்தமும் போச்சு.

சக்கரம் இன்னொரு தலைவலி. டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர் விட்டம். நம் உலகத்தில் ஆறரை மீட்டர். ரங்கராட்டினம் மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் தகடு அடித்து மறைப்பதே புத்திசாலித்தனம். கீழே ட்ராக்கின் ஓரம் மட்டும் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

அப்புறம், உருவம். டாங்கி தெரிந்த யாரும் டைகரின் நிழலை வைத்தே பெயர் சொல்லிவிடுவார்கள். அதை உடைக்க எனக்குத் தெரிந்த மலிவான வழி, உடலை முன்பின்னாகத் திருப்பிவிடுவது. பின்பக்கம் இருக்கும் எஞ்சின் மூடியும் காற்றுச் சல்லடைகளும் முன்னால் வந்துவிடும். பீரங்கிக் கூண்டு பின்னால் தள்ளிப்போகும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அதற்கப்புறம் ஒருத்தரும் அதை டைகர் என்று சொன்னதில்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போய்வருகிறேன், ஏனென்றால் இந்த ராட்சச டாங்கி ஆசை நேற்று வந்ததில்லை. உண்மையான டாங்கி வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. 1903 டிசம்பரில் ஹெச். ஜி. வெல்ஸ் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் எழுதிய 'தி லேண்ட் அயர்ன்கிளாட்ஸ்' கதையில், நிலத்தில் ஊர்ந்து வரும் இரும்புக் கப்பல்கள் வருகின்றன. நீளம் எண்பதிலிருந்து நூறு அடி. நிஜமான டாங்கி போர்க்களத்தில் இறங்கியது 1916 செப்டம்பர் 15, பிரான்ஸின் சோம் களத்தில். அது வெறும் 28 டன். நடுவில், 1913இல், இதே வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு விழுத்தாட்டும் விளையாட்டின் விதிகள். எங்கள் பொழுதுபோக்குக்கு அவரைத் தாத்தா என்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், ராட்சச டாங்கியைக் கற்பனை செய்தவரும் அவர்தான், பொம்மைப் போருக்கு விதி எழுதியவரும் அவர்தான். ஆனால் அவருடைய விளையாட்டில் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி மட்டும். இரும்புக் கப்பலை அவர் தரைக்கு இறக்கவேயில்லை. கையில் வெண்ணெய் இருந்தும் அதை உருக்கி நெய்யாக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சரியாக முடிச்சுப் போட்டது 1977இல் வந்த 'ஓகர்'. ஸ்டீவ் ஜாக்சன் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. மெட்டாகேமிங் என்ற நிறுவனம் 2 டாலர் 95 சென்டுக்கு விற்ற, பாக்கெட்டில் அடங்கும் ஆட்டம். கீத் லாமர் 1960இலிருந்து எழுதிவந்த 'போலோ' கதைகளின் சாயல் அதில் உண்டு. தானே யோசித்துச் சண்டை போடும் மாபெரும் டாங்கிகளின் கதைகள் அவை. ஓகரில் ஒரு பக்கம் முழுப் படை. இன்னொரு பக்கம் ஒரே ஒரு டாங்கி. அந்த ஒரே டாங்கி படையைக் கிழித்துக்கொண்டு போய் எதிரியின் தலைமையகத்தை நொறுக்கவேண்டும். சமமில்லாத இரண்டு கட்சி, ஆனால் ஆட்டம் அநேகமாகக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். 2012இல் இதற்குப் பெரிய பதிப்பு ஒன்று கொண்டுவர கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார்கள். ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெட்டி பத்து கிலோவுக்கு மேல் எடை. சட்டைப்பைக்குள் போன ஆட்டம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் ஆட்டமாகிவிட்டது.

நான் செய்ததும் ஒரு ஓகர்தான்.

இதற்கு 1/35 கிட்டையே ஏன் பிடித்தேன் என்றால், மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருப்பது அதுதான். அந்த ஸ்கேல் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் டாமியா நிறுவனம் 1961இல் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி கிட் ஒன்று வெளியிட்டது. உள்ளே பாட்டரி அடங்கவேண்டும் என்று உடலின் அளவை முடிவு செய்தார்கள். அப்புறம் அளந்து பார்த்தால் சுமார் 1/35 என்று வந்தது. அடுத்து வந்த டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள், உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு நான் சீவிக்கொண்டிருக்கும் கிட்டின் அளவைத் தீர்மானித்தது பாட்டரிக் கட்டை.

சரி, கழித்தாயிற்று. இனி சேர்ப்பது.

எட்டு மாடிக் கட்டடத்தைப் பெரிசாகக் காட்ட அதன் பக்கத்தில் பெரிய சாமானை வைக்கக் கூடாது. ஜன்னல் வைக்கவேண்டும், கதவு வைக்கவேண்டும், பால்கனிக் கம்பி வைக்கவேண்டும். தஞ்சாவூர்க் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலே போகப்போகச் சின்னச் சின்ன உருவங்களாக அடுக்கிக்கொண்டே போயிருப்பார்கள். அத்தனை பொடி வேலை இல்லாமல் வெறும் மழுங்கல் கல்லாக இருந்தால், அந்த உயரம் கண்ணில் ஏறாது.

1/285இல் இரண்டு மீட்டர் கதவு ஏழு மில்லிமீட்டர். இடுப்பளவு கைப்பிடிக் கம்பி நாலு மில்லிமீட்டர். ஏணிப்படிக்கும் படிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். இந்த மூன்று அளவையும் ஒரு காகிதத்தில் எழுதி விளக்கின் கழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கதவுக்குக் காலாவதியான கார்டு ஒன்றை ஏழுக்கு மூன்று என்று நறுக்கினேன். இங்கே ஒரு சங்கதி. கிட்டெல்லாம் பாலிஸ்டைரீன். மாடல் சிமெண்ட் என்று விற்கும் திரவம் பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கும். கார்டு பிவிசி, அதில் அந்த சிமெண்ட் சரியாகப் பிடிக்காது. ஃபெவிக்விக் போடவேண்டும். மருந்து ஊசிக் குழாய், பாட்டில் மூடி மாதிரியான வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக்கும் நம்பிக்கையில்லை. உப்புத்தாளால் நன்றாகக் கீறி, உள்ளே ஒரு கம்பி குத்திச் சொருகினால்தான் நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று பீரங்கிகள் செலவாயின. மூன்றும் ஆட்ட நடுவில் கழன்று விழுந்தன.

ஏணிக்கு ஸ்டேப்ளர் பின். இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே பின்களை வெட்டி வெட்டி வரிசையாக ஒட்டுவது. ஒரு ஏணிக்கு ஒரு மணி நேரம். காற்றுச் சல்லடைக்குப் பழைய கொசுவலைத் துண்டு. ராடார் கிண்ணத்துக்கு மாத்திரை அட்டையின் குமிழ். சின்னப் பீரங்கிகளுக்குப் பேனா ரீஃபிலின் பித்தளை நுனி. கூண்டின் பின்பக்கம் நிரப்ப ஓடாத கைக்கடிகாரத்தின் பல்சக்கரங்கள்; ஆனால் பல்சக்கரம் போட்டால் கொஞ்சம்தான் போடவேண்டும், எல்லாரும் இதைப் போட்டுப் போட்டுப் புளித்துவிட்டது. இடுக்குகளை அடைக்க எம்-சீல். குழாய் ஒழுகலுக்கு வாங்கியதில் பாதி டாங்கிக்குப் போனது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கப்பல்கள் முழுக்க இப்படித்தான் செய்யப்பட்டவை. கடையில் விற்ற டாங்கி கிட், ரயில் பீரங்கி கிட் எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்து, துண்டு துண்டாகக் கப்பலின் மேல் ஒட்டினார்கள். 'கிரீப்ளி' என்று அந்தத் துண்டுகளுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஜப்பானில் கோ யோகோயாமா 1982இலிருந்து ஹாபி ஜப்பான் பத்திரிகையில் செய்து காட்டிய போர் இயந்திரங்களும் பல கிட்டுகளின் மிச்சம் மீதியிலிருந்து பிறந்தவை. இங்கிலாந்தில் 1987இல் வார்ஹாமர் 40,000 வந்த புதிதில் வண்டிகளுக்கு கிட் அதிகம் இல்லை. அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையே, காலியான டியோடரன்ட் டப்பாவில் பறக்கும் டாங்கி செய்வது எப்படி என்று பாடம் போட்டது. அப்புறம் கிட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2007இல் பேன்பிளேடு என்ற ராட்சச டாங்கியே பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. வாங்கி ஒட்டலாம். நன்றாகவும் இருக்கும். எனக்கென்னவோ அந்த டியோடரன்ட் டப்பாதான் மனசில் நிற்கிறது.

28 மில்லிமீட்டர் வீரர்களோடு ஆடுகிறவர்களுக்கு ஒரு வரி: உங்களுக்கு 1/35 டாங்கி ராட்சசனாகாது, நிஜ அளவைவிடக் கொஞ்சம் பெரிசாகத்தான் நிற்கும். இரண்டு மூன்று கிட்டை ஒட்டிப் பெரிசாக்க வேண்டியதுதான். அது வேறு வித்தை, வேறு செலவு.

இனி சித்தப்பாவின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கதவு விவகாரம் முடிந்ததும் வண்டியைத் தலைகீழாகத் திருப்பினார். திருப்பியதில் ஒரு ஏணி உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வெயிட்டு எவ்ளோ வரும்?"

அதையும் நான் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டு மடங்குக்குச் சற்று மேல் பெருகினால் கன அளவு 540 மடங்கு. டைகர் 57 டன். ஆக முப்பதாயிரம் டன்னுக்கு மேல்.

"தரையில படுற ட்ராக்கோட பரப்பு?"

அது அறுபத்தாறு மடங்குதான். நீளமும் அகலமும் மட்டும்தானே.

"அப்ப ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எட்டு மடங்கு அழுத்தம். ஒத்தை ஜோடி ட்ராக்க வச்சுக்கிட்டு எங்கடா போவும்? தார் ரோட்டுல லாரி டயர் மாதிரி அழுத்தும், சரி. வயல்ல எறங்குச்சுன்னா உக்காந்துரும். வழியில ஒரு மதகு வந்தா?"

கலிலியோ 1638இல் எழுதி வைத்த விஷயத்தைத்தான் அவர் சொன்னார்: உருவத்தை அப்படியே பெரிசாக்கினால் எடை கன அளவாக ஏறும், தாங்கும் பரப்பு அந்த வேகத்தில் ஏறாது. யானைக்கு மான் கால் வைக்க முடியாது. ஹிட்லரின் ஆட்களும் இந்தச் சுவரில்தான் முட்டினார்கள். 1942இல் 'ராட்டே' என்று ஒரு நிலக் கப்பலுக்கு வரைபடம் போட்டார்கள். ஆயிரம் டன், 35 மீட்டர் நீளம், போர்க்கப்பலின் 280 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு. எந்தப் பாலமும் தாங்காது, எந்தச் சாலையும் மிஞ்சாது. ஆல்பர்ட் ஸ்பேர் 1943இல் அதை மூடிவிட்டார். நிஜமாகச் செய்து முடித்தது 188 டன் 'மவுஸ்' மட்டும், பெயர்தான் எலி. அதிலும் இரண்டு மாதிரி வண்டிகள். அவை இரண்டிலிருந்தும் சேர்த்து ஒட்டிய ஒரு வண்டி மாஸ்கோவுக்குப் பக்கத்தில் குபின்காவில் நிற்கிறது. அதாவது அதுவே ஒருவிதக் கிட் மிச்சம்தான்.

நம் விளையாட்டில் உள்ளதோ ராட்டேயைவிட முப்பது மடங்கு எடை. கற்பனைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் சித்தப்பா சொன்னதும் எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. கண்ணும் இதைக் கவனிக்கிறது என்றே நினைக்கிறேன். யாரும் கணக்குப் போட மாட்டார்கள், ஆனால் பெரிய எடை இரண்டே கால்களில் நின்றால் பொம்மை என்று மனசு முடிவுகட்டிவிடும். இன்னொரு பழைய கிட்டைத் தேடிப்பிடித்து அதன் ட்ராக்கை எடுத்தேன். வயிற்றுக்கடியில் உள்பக்கமாக இரண்டு வரிசை புதிதாகச் சேர்த்தேன். நாலு வரிசை ஆனதும் வண்டி தரையோடு படிந்து, கனத்து உட்கார்ந்தது. இதுவரை ஒட்டிய ஏணியும் கம்பியும் செய்யாத வேலையை அந்த இரண்டு வரிசை ட்ராக் செய்தது. முக்கால்வாசி தெரியக்கூட இல்லை.

வண்ணம் பூசும் கதை கொஞ்சம் துக்கமானது. பெயின்ட் அடிக்கும்போது பிடித்துக்கொள்ள வசதியாக வண்டியை ஒரு தெர்மகோல் துண்டில் குத்தி நிறுத்தி, கார் பிரைமர் ஸ்பிரேயை அடித்தேன். அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தெர்மகோல் கற்பூரம் மாதிரி கரைந்துகொண்டிருக்கிறது. வண்டி மெதுவாகச் சாய்ந்து, கூழாகிவிட்ட தெர்மகோலில் பொத்தென்று படுத்தது. ஒரு பக்கத்துத் தகடு முழுக்கப் பிசுபிசு. ஸ்பிரேயில் இருக்கிற கரைப்பானுக்குத் தெர்மகோல் என்றால் அல்வா. அந்தத் தகட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று.

அது போதாதென்று கடைசிக் கோட்டிங். கார்த்திகை மாதம், வெளியே மூன்று நாளாக மழை. பொறுமை இல்லாமல் மாடிப்படிக்கட்டில் வைத்து மேட் வார்னிஷ் அடித்தேன். காலையில் பார்த்தால் வண்டி முழுக்க விபூதி பூசினமாதிரி வெளுத்திருந்தது. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வார்னிஷ் அப்படிப் பூத்துவிடும். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க டாங்கி கோயிலுக்குப் போயிட்டு வந்துருக்கா?" என்றாள். வெயில் வந்தபிறகு மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்ததில் பாதி மறைந்தது. மீதியைத் தூசி என்று வைத்துக்கொண்டேன்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பெரிய பொருள் தூரத்திலிருந்து தெரிவது போல வெளிறியிருக்கவேண்டும். கரும்பச்சையை அப்படியே அடித்தால் சின்னதாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளையும் சாம்பலும் கலக்கவேண்டும். பெயின்ட் உரிந்த இடங்களை ஊசிமுனைப் புள்ளியாக வைக்கவேண்டும். நகத்தளவு துரு வைத்தால் அந்த உலகத்தில் அது ஒரு லாரியையே மூடிவிடும். எழுத்துகளுக்கு எனக்குக் கிடைத்த பொக்கிஷம், 1/72 விமானக் கிட்டுகளில் வீணாகும் ஸ்டிக்கர்கள். 'இங்கே மிதிக்காதே' என்கிற மாதிரி படிக்கவே முடியாத பொடி எச்சரிக்கைகள் அதில் நிறைய இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டினால் போதும், ஏதோ ஒரு ஊழியர் தினமும் அதைப் பார்த்து அலுத்துப்போனவர் மாதிரி ஆகிவிடும்.

கதவு எதுக்கு என்ற கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல நினைத்தேன். ஆள் அளவு ஒன்று கண்ணில் படாவிட்டால் பெரிசு என்பது தெரியாது என்றேன். சித்தப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவரே ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார்.

"வண்டி தானா ஓடும், சரி. ரிப்பேருன்னா? ஃபிட்டர் உள்ள போவ வேணாமா? கதவு இருக்கட்டும். ஆனா ட்ராக்குப் பக்கம் ஒண்ணுகூட வைக்கல பாரு. அங்கதான்டா எப்பவும் வேல வரும்."

ட்ராக் தகட்டில், கீழ் வரிசையில், நாலு கதவு வைத்தேன். ஏழுக்கு மூன்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சாப்பாட்டு மேசையோடு தையல் மெஷின் பலகையையும் சேர்த்துப் போட்டோம். ஒரு ஹெக்ஸுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு அறுகோணக் கட்டத்துக்கு, மூன்று அங்குலம் என்று வீட்டு விதி. ஓகர் மார்க் 3 என்னுடையது: பெரிய பீரங்கி ஒன்று, நடுத்தரம் நாலு, ஏவுகணை இரண்டு, ஆட்களைச் சுடும் துப்பாக்கி எட்டு, ட்ராக் யூனிட் 45. பதினைந்து போனால் வேகம் மூன்றிலிருந்து இரண்டு, முப்பது போனால் ஒன்று, எல்லாம் போனால் நின்ற இடத்திலேயே. எதிர்க்கட்சி சித்தப்பா. இதுவரை எந்த விளையாட்டிலும் தாயக்கட்டை தொட்டதில்லை என்றார். மூன்று ஹோவிட்சர் பீரங்கி, ஆறு கனரக டாங்கி, இருபது காலாட்படை எடுத்துக்கொண்டார்.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் ஓகரின் பெரிய பீரங்கியைத்தான் முதலில் குறிவைப்பார்கள். பயமுறுத்துவது அதுதானே. நானும் அதை எதிர்பார்த்துத்தான் ஆடினேன். சித்தப்பா பீரங்கிப் பக்கம் திரும்பவேயில்லை. ட்ராக்கைச் சுடும் ஒவ்வொரு தடவையும் ஐந்தோ ஆறோ விழவேண்டும், மூன்றில் ஒரு வாய்ப்புதான். அதைப் பற்றிக் கவலையேபடாமல், முதல் சுற்றிலிருந்து ஹோவிட்சரை ட்ராக்குக்கே காட்டினார். ஒரு அடி பட்டால் ஆறு யூனிட் போகும்.

அவருடைய டாங்கிகளில் ஐந்தை முடித்தேன், காலாட்படையில் பாதிக்கு மேல். ஒரு ஹோவிட்சரை ஏறி மிதித்தேன். பெரிய பீரங்கியில் ஒரு கீறல் இல்லை. தலைமையகத்துக்கு நாலு ஹெக்ஸ் தூரத்தில், பன்னிரண்டு அங்குலத்தில், கடைசி ட்ராக் யூனிட் போயிற்று. பெரிய பீரங்கி எட்டும் தூரம் மூன்று ஹெக்ஸ்.

"ட்ராக்கு போச்சுன்னா அது வெறும் தகரக் கொட்டாய்டா" என்றார் சித்தப்பா. பிறகு உடைந்த ஏணியை எடுத்துத் தரச் சொல்லி, தானே ஒட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நேராக ஒட்டியிருக்கிறார்.

அடுத்து ஐந்து கூண்டு வைத்த மார்க் 5 செய்யலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பாதியில் விட்ட 1/35 டாங்கி கிட் ஏதாவது கிடந்தால் குப்பையில் போடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பீரங்கி உடைந்திருந்தாலும் கூண்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. ட்ராக் மட்டும் முழுசாக இருக்கவேண்டும்.